பிளஸ் டூ பயோ-மேத்ஸ், தமிழ் வழி: எந்த கைடு, எத்தனை கைடு?

#1 கரூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். மகள் இந்த வருடம் பிளஸ் டூ. பயோ-மேத்ஸ், தமிழ் வழி, அரசு உதவி பெறும் பள்ளி. பாடப்புத்தகம் எல்லாம் பள்ளியிலேயே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். கைடு வாங்க நேற்று ஜவஹர் பஜார் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். "எந்த கைடும்மா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "நல்லதாப் பார்த்துக் குடுங்க" என்றேன். அவ்வளவுதான், மேஜைமேல் பதினோரு புத்தகம் அடுக்கிவிட்டார். பாடத்துக்கு ஒரு கைடு, ஒன் மார்க்குக்குத் தனி, நீட்டுக்கு என்று மூன்று தடிப்புத்தகம். பில் 6,340 ரூபாய். "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் எச்.சி. வர்மா எழுதிய புத்தகம் இல்லாமல் இயற்பியல் வராது என்கிறார்கள். என் தம்பி மத்திய அரசுப் பாடப்புத்தகமான என்சிஇஆர்டி வாங்கச் சொல்கிறான். பள்ளியில் பாடப்புத்தகமே போதும் என்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவள், வீட்டுக்காரர் டெக்ஸ்டைல் யூனிட்டில் வேலை. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யாராவது நிதானமாகச் சொல்லுங்கள்.

#2 சாக்பீஸ்

அம்மா, நான் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர், இயற்பியல். எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: எந்தத் தேர்வுக்காக? பப்ளிக் மட்டுமா, நீட்டும் உண்டா, ஜேஇஇ உண்டா? கடைக்காரர் இதைக் கேட்காமல் பதினொன்றை அடுக்கியது தப்பு.

பொறியியல் கலந்தாய்வு மட்டும் என்றால் நுழைவுத்தேர்வே கிடையாது. 2007-லேயே எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ மதிப்பெண்தான் கட்-ஆஃப்: கணக்கு நூறு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, ஆக 200. இதற்குக் கையில் இருக்கிற பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒரு பக்கம் படிக்க வேண்டியதில்லை.

இயற்பியல் வினாத்தாளைப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 70. ஒன் மார்க் பதினைந்து. இரண்டு மதிப்பெண் ஒன்பது கொடுத்து ஆறு எழுதச் சொல்வார்கள், அதில் 24-ஆவது கேள்வி கட்டாயம். மூன்று மதிப்பெண்ணிலும் அதே கணக்கு, அங்கே 33 கட்டாயம். அப்புறம் ஐந்து மதிப்பெண் ஐந்து. கைடையே நம்பிப் படித்தவன் தடுமாறுவது அந்த 24-லும் 33-லும்தான். பெரும்பாலும் கணக்கு வரும். எண்ணை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

#3 மூணாம்பெஞ்ச்

சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. "பாடப்புத்தகமே போதும்" என்று சொல்லும் எல்லோருக்கும் அதை நடத்த ஒரு ஆசிரியர் இருந்திருப்பார். நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் பள்ளியில் வேதியியலுக்கு ஆளே இல்லை. அரையாண்டுக்குப் பிறகுதான் ஒருவர் மாற்றலாகி வந்தார். அதுவரைக்கும் எங்களுக்கு ஆசிரியர் ஒரு கைடுதான். அணைவுச் சேர்மங்கள் பாடத்தை நானும் இரண்டு பேரும் வராண்டாவில் உட்கார்ந்து அதை வைத்துத்தான் உடைத்தோம். புத்தகத்தில் அதே பாடத்தை மூன்று முறை படித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கைடில் கேள்வி, பதில், கேள்வி, பதில். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றாவது தெரிந்தது.

கைடு என்றாலே கள்ளச்சாராயம் மாதிரிப் பேசாதீர்கள். பாஸாக வேண்டிய பையனுக்கு அது சோறு.

#4 சாக்பீஸ்

தம்பி, நியாயம். ஆள் இல்லாத வகுப்பை நானும் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் போய் நடத்தியும் இருக்கிறேன். கைடே வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது, எப்படிப்பட்டது என்பதுதான் பேச்சு.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மின்னோட்டவியல். ஒரு கம்பியை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை என்ன ஆகும்? ஒரு கைடில் "நான்கு மடங்கு" என்று ஒற்றை வரி, பக்கத்தில் டிக். என் மாணவி ஒருத்திக்கு அது மனப்பாடம். ஸ்லிப் டெஸ்டில் நான் கேட்டது: கம்பியை 10 சதவீதம் இழுத்தால் மின்தடை எத்தனை சதவீதம் கூடும்? "40 சதவீதம்" என்று எழுதியிருந்தாள். நான்கு என்ற எண் மட்டும் தங்கியிருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பது தங்கவில்லை. இழுத்தால் நீளம் கூடும். கம்பியின் பருமன், அதாவது கன அளவு, மாறாது, ஆகவே குறுக்குப் பரப்பு குறையும். மின்தடை நீளத்துக்கு நேர்விகிதம், பரப்புக்கு எதிர்விகிதம், ஆக இரண்டும் சேர்ந்து நீளத்தின் வர்க்கத்தில் ஏறும். 1.1-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 1.21. விடை 21 சதவீதம். பாடப்புத்தகத்தில் அந்தச் சமன்பாட்டை வருவித்தே காட்டியிருக்கிறார்கள். அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை, கைடு இருந்ததால்.

அதனால் கரூர் அம்மா, கடைக்குப் போகும்போது பாடப்புத்தகம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மகள் ஏற்கெனவே நன்றாகப் படித்த ஒரு பாடத்தைக் கைடில் திறக்கச் சொல்லுங்கள். ஒன் மார்க் விடைக்குக் கீழே ஏன் அந்த விடை என்று ஒரு வரியாவது இருக்கிறதா? கணக்கில் அலகு போட்டிருக்கிறார்களா? படத்தில் பாகம் குறித்திருக்கிறார்களா? பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். தெரிந்த பாடத்திலேயே இரண்டு தப்பு கண்ணில் பட்டால், தெரியாத பாடத்தில் எத்தனை இருக்கும்!

#5 கரூர்க்காரி

சார், ரொம்ப நன்றி. அவளுக்கு டாக்டர் ஆசை இருக்கிறது. கிடைக்காவிட்டால் பொறியியல் அல்லது அக்ரி என்கிறாள். ஆக நீட்டும் வேண்டும், பப்ளிக்கும் வேண்டும். கோச்சிங் அனுப்ப வசதி இல்லை. என்சிஇஆர்டி தமிழில் கிடைக்குமா? மருத்துவ இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருப்பதால் கொஞ்சம் குறைந்தாலும் கிடைத்துவிடும் என்கிறார்கள், அது உண்மையா?

#6 வெள்ளைக்கோட்டு

அக்கா, நானும் தமிழ் வழிதான். இப்போது எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு, இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. முதலில் கசப்பான செய்தி. 7.5 சதவீதம் ஆறாவதிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு அது வராது. இதை நம்பி ஏமாந்த ஒரு தோழி எனக்கு உண்டு, அதனால்தான் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன்.

நீட் 180 கேள்வி, 720 மதிப்பெண், உயிரியல் மட்டுமே 90 கேள்வி. அங்கே என்சிஇஆர்டியின் வரிகள் அப்படியே வரும், அதில் சந்தேகம் இல்லை. தமிழில் தேடி நானும் அலைந்தேன். நான் படித்தபோது ஆங்கிலம், இந்தி, உருதுவில்தான் இருந்தது. நான் செய்தது இதுதான்: தமிழில் மாநிலப் பாடப்புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்வேன். அதற்கப்புறம் ஆங்கில என்சிஇஆர்டியில் அதே பாடத்தை விரலை வைத்துப் படிப்பேன். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் அவ்வளவு மிரட்டாது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. நம் பாடப்புத்தகம் ஆங்கில வழியிலும் இருக்கிறது, பாடநூல் கழகத் தளத்தில் பிடிஎஃப் இலவசம். அதே பாடம், அதே படம், அதே வரிசை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கலைச்சொல்லை மட்டும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் "சூல்", வலப்பக்கம் "ஓவ்யூல்". இடப்பக்கம் "இலைத்துளை", வலப்பக்கம் "ஸ்டோமேட்டா". என் நோட்டு நூற்றுச் சொச்சம் பக்கம் வந்தது. எந்தக் கடையிலும் விற்காத கைடு அது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நீட் தமிழ் வினாத்தாளில் மொழிபெயர்ப்பு சந்தேகமாக இருந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும். 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகள் தப்பு என்று வழக்காகி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. அதே வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த வருடம் எழுதிய அண்ணன் ஒருவர்தான் எனக்கு இந்த நோட்டு யோசனையைச் சொன்னார். கேள்வி புரியவில்லை என்றால் எதிரில் இருக்கும் ஆங்கிலத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

#7 பில் பார்த்த அப்பா

எங்கள் வீட்டில் எச்.சி. வர்மா இரண்டு பாகமும் இருக்கிறது. புத்தம் புதிது. முதல் பாகத்தில் முதல் பாடம்வரை பென்சில் கோடு உண்டு. இரண்டாம் பாகம் கம்ப்யூட்டர் மானிட்டருக்கு அடியில் இருக்கிறது, உயரம் சரியாக வருகிறது.

பையனைக் குறை சொல்லவில்லை. நான்தான் ஆர்வக்கோளாறில் வாங்கினேன். கோச்சிங் சென்டரில் வேறு ஒரு மூட்டை மாட்யூல் கொடுத்தார்கள். பள்ளி ஒரு மெட்டீரியல். மொத்தம் எத்தனை என்று ஒரு நாள் எண்ணினேன். 31. அவன் கடைசிவரை படித்தது நான்கோ ஐந்தோ. மற்றதைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் இவ்வளவு பாக்கி" என்ற பயம்தான். வர்மா நல்ல புத்தகம்தான், ஜேஇஇ பிள்ளைகள் சத்தியம் செய்கிறார்கள். என் மகனுக்கு அப்போது வேண்டியது அது இல்லை.

#8 கணக்கு டீச்சர்

கணக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. கணக்குக்குக் கைடு வாங்கினால் நானே வந்து பிடுங்கிக்கொள்வேன். (வேடிக்கைக்குச் சொல்கிறேன். பாதி வேடிக்கை.)

இரண்டு தொகுதி, பன்னிரண்டு பாடம். ஒவ்வொன்றிலும் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. அவைதான் கைடு. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால் எடுத்துக்காட்டைத் தாண்டிப் பயிற்சிக்குப் போய், அங்கே வராமல், கைடைத் திறந்து, படியைப் பார்த்து எழுதிவிட்டு, "போட்டுட்டேன் மிஸ்" என்கிறார்கள். கை எழுதியது, தலை எழுதவில்லை. எடுத்துக்காட்டை ஒரு முறை படித்து, புத்தகத்தை மூடி, தானாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் திறக்கலாம்.

கலப்பு எண்கள் பாடத்தில் என் மாணவர்களுக்கு ஒரு வாரம் இதைச் செய்யவைத்தேன். முதல் இரண்டு நாள் அழுகை. வெள்ளிக்கிழமை ஒருவன் எடுத்துக்காட்டில் இல்லாத குறுக்கு வழியைக் கண்டுபிடித்து வந்து நின்றான். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

90-க்கு நடக்கும் தாளில் 30-ஆவதும் 40-ஆவதும் கட்டாயக் கேள்விகள். சாக்பீஸ் சார் சொன்ன அதே கதைதான்.

#9 மூணாம்பெஞ்ச்

டீச்சர், வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளை இராத்திரி பத்து மணிக்கு ஒரு படியில் மாட்டிக்கொண்டால் யாரிடம் போகும்? கைடைப் பிடுங்குவது சுலபம்.

#10 கணக்கு டீச்சர்

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். பத்து மணிக்குத் திறக்கட்டும். ஏழு மணிக்குத் திறக்கக் கூடாது.

#11 கடைப்பையன்

நான் புத்தகக் கடையில் நிற்பவன், அதனால் கொஞ்சம் உள்விஷயம். சில கைடுகளில் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் மேலட்டைதான் வித்தியாசம், கூடவே கடைசி பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்று சேர்ந்திருக்கும். பாடத்திட்டம் மாறாதபோது சீனியரிடம் பழையதை வாங்கிக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகாது. தற்போதைய பிளஸ் டூ புத்தகங்கள் 2019-இல் வந்தவை. அதற்கு முந்தைய கைடு வீட்டுப் பரணில் இருந்தால் மட்டும் எடைக்குப் போடுங்கள்.

ஜூன் மாதம் மொத்தமாக வாங்காதீர்கள். காலாண்டு முடிந்து, எந்தப் பாடம் உதைக்கிறது என்று தெரிந்த பிறகு வந்து அதற்கு மட்டும் வாங்குங்கள். எங்கள் முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

பாடப்புத்தகம் தொலைந்தால் பதற வேண்டாம். சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் விற்பனை உண்டு. பழைய புத்தகம் என்றால் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்.

#12 வெள்ளைக்கோட்டு

பழைய புத்தகம் என்றதும் ஞாபகம் வந்தது. வேதியியலில் இது முக்கியம், அக்கா. என்சிஇஆர்டி சில வருடத்துக்கு முன்னால் புத்தகத்தைக் குறைத்தபோது பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல் எல்லாம் போய்விட்டது. 2024-இல் நீட் பாடத்திட்டத்திலும் அவை இல்லை. ஆனால் நம் மாநிலப் புத்தகத்தில் இருக்கின்றன, பப்ளிக்குக்குப் படித்தே ஆக வேண்டும். நீட் அடிக்கிற வேகத்தில் அவற்றை விட்டுவிட்டு பப்ளிக்கில் முழிக்கக் கூடாது.

தலைகீழாகவும் ஒன்று உண்டு. பி-தொகுதித் தனிமங்களில் 15 முதல் 18 வரையுள்ள தொகுதிகளை என்சிஇஆர்டி புதுப் புத்தகத்தில் எடுத்துவிட்டார்கள், நீட் பாடத்திட்டத்தில் எடுக்கவில்லை. புதுப் புத்தகத்தை மட்டும் வைத்திருப்பவனுக்கு அந்தப் பாடமே கிடையாது! நம் வேதியியல் முதல் தொகுதியில் மூன்றாவது பாடமாக அது உட்கார்ந்திருக்கிறது. செனான் டைஃபுளூரைடு நேர்கோடு, டெட்ராஃபுளூரைடு சதுரத்தளம் என்று நான் படித்தது அங்கேதான். கோச்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் கட்டிப் படித்த என் அறைத்தோழி அந்தப் பாடத்தை என் புத்தகத்தில்தான் படித்தாள்.

பிளஸ் ஒன் புத்தகத்தையும் பத்திரமாக வையுங்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26-இலிருந்து எடுத்துவிட்டதால் பிள்ளைகள் அதை மறந்தே போகிறார்கள். நீட் மறக்காது.

#13 சாக்பீஸ்

வெள்ளைக்கோட்டு, இந்தப் பி-தொகுதி விஷயம் எனக்கே தெரியாது. எங்கள் வேதியியல் ஆசிரியரிடம் காட்டினேன், நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன் என்றார்.

ஒரு சின்னச் சேர்க்கை. முந்தைய வருட வினாத்தாள் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். நீட் தாள்கள், விடைகளோடு, நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்திலேயே வருகின்றன. பாடம் முடித்த அன்றைக்கே அந்தப் பாடத்துக்கான பழைய கேள்விகளை மட்டும் போட்டுப் பார்க்கட்டும். மொத்தத்தையும் ஏப்ரலுக்கு என்று வைத்தால் ஏப்ரல் வராது, மே நேராக வந்துவிடும்.

#14 கரூர்க்காரி

மறுபடி வந்துவிட்டேன். சனிக்கிழமை போனோம். சார் சொன்னபடி இயற்பியல் புத்தகம் பையில். நிலைமின்னியல் அவளுக்கு அத்துப்படி, அதைத்தான் திறந்தாள். முதல் கைடை இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டாள். "அம்மா, இதுல மின்புலக் கோடு நேர் மின்னூட்டத்துக்குள்ள போகுது" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். இரண்டாவது பரவாயில்லை என்றாள். மூன்றாவதை நின்றபடியே அரை மணி நேரம் படித்தாள். கடைக்காரர் அவளுக்கு ஸ்டூல் போட்டார்.

வாங்கியது: வேதியியலுக்கு ஒரு கைடு, ஆங்கில என்சிஇஆர்டி உயிரியல் பழையதில் இரண்டு வருடத்துக்கும். இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. கணக்குக்கு வாங்கவில்லை, டீச்சருக்குப் பயந்து. எல்லாம் சேர்த்து 870 ரூபாய். இயற்பியல் கைடு காலாண்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

7.5 விஷயத்தை அவளிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. "தெரியும்மா, ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல" என்றாள்.

நோட்டில் நேற்று இராத்திரிவரை மூன்று பக்கம். வலப்பக்கம் எழுத்துக்கூட்டி எழுதுகிறாள், நான் இடப்பக்கம் வாசித்துக் கேள்வி கேட்கிறேன். "சூலகம்" என்றால் பிஸ்டில் என்றாள். அப்படியென்றால் "சூலகமுடி"? அந்தச் சொல்லில் இரண்டு பேரும் நிற்கிறோம். வெள்ளைக்கோட்டு, ஆங்கிலப் புத்தகத்தில் அதை என்னவென்று போட்டிருக்கிறார்கள்?

#15 வெள்ளைக்கோட்டு

ஸ்டிக்மா, அக்கா. அதற்குக் கீழே இருக்கும் தண்டு ஸ்டைல். இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள், படத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும்.